கடற்கன்னியரின் குடித்தொகை

கதையில் வாழும் விலங்குக்கும் காட்டிலோ கடலிலோ வாழும் விலங்குக்கும் இடையேயுள்ள முதல் வேறுபாடு வயிறுதான். நம் கோயில் தூண்களில் வாய் பிளந்து நிற்கும் யாளி எதனைத் தின்று வாழ்கிறது என்று எவரும் கேட்டதில்லை. வருணனின் ஊர்தியாகிய மகரத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு மீன் வேண்டும் என்பதை எந்தப் புராணமும் கூற முற்படவில்லை. மன்னார்க் கரையின் கத்தோலிக்கக் கோயில்களில் மிக்கேல் சம்மனசின் காலடியில் நசுங்கிக் கிடக்கும் வலுசர்ப்பத்துக்குத் தாயும் குட்டியும் இருந்தனவா என்று சிந்திக்கவும் நமக்குத் தோன்றுவதில்லை. கதையில் ஒரு விலங்கு ஒன்றே ஒன்றாக இருக்கும். அன்றேல் எண்ணிறந்ததாக இருக்கும். முப்பத்தேழு என்றோ, சென்ற ஆண்டினும் நான்கு குறைவு என்றோ இருப்பதில்லை. எண்ணிக்கையும் பசியும் உண்மையான உயிர்களுக்கே உரியவை.

எனினும், இக்காலத்து இளைஞர் கணினி விளையாட்டுகளிலே கட்டியெழுப்பும் கற்பனை உலகங்களைப் பார்த்தால், அங்கு இந்தப் பழைய எல்லை மீறப்பட்டிருப்பதைக் காணலாம். மலையும் காடும் ஆறும் ஊரும் கொண்ட அவ்வுலகில் நெருப்புமிழும் வலுசர்ப்பங்கள் பறந்து திரிகின்றன. அவற்றை வேட்டையாடுவோர் சிலர், "இத்தனை வலுசர்ப்பங்களுக்கும் இரை எங்கிருந்து கிடைக்கிறது? அவை ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும்? நாம் கொல்லும் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்குமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். எமது விடுதியில் ஓரிரவு இவ்வினா எழுந்து, விடியும்வரை விவாதமாக நீண்டது. விளையாட்டாகத் தோன்றினும் வினா விளையாட்டானதன்று. விடை காண்பதற்கு வழியும் உண்டு.

ஒரு புலி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது மான்களையோ அவற்றையொத்த விலங்குகளையோ கொல்கிறது என்பர் விலங்கியலார். இரைக்கூட்டம் தேயாமல் அந்த ஐம்பதையும் தரவேண்டுமாயின், அங்கு ஏறத்தாழ ஐந்நூறு மான்களாவது வாழவேண்டும். வலுசர்ப்பமொன்றின் எடை புலியினதைப்போல் நாற்பது மடங்கு எனக் கொள்வோம். உடல் பெருக்கும் அளவுக்கே உணவுத் தேவை பெருகுவதில்லை. சற்றுக் குறைவாகவே பெருகும். ஆகவே இதற்குப் பதினாறு மடங்கு உணவு போதும் எனலாம். அங்ஙனமாயினும் ஒரு வலுசர்ப்பத்துக்கு ஆண்டுக்கு எண்ணூறு மான்கள் வேண்டும். அவற்றை ஈந்து நிற்க எண்ணாயிரம் மான்கொண்ட காடு வேண்டும். மன்னார்த் தீவின் பரப்பு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர். அதன் பனையும் உடையும் மணலும் நீங்கி, தீவு முழுவதும் மிகச் செழித்த காடாகவே மாறினும், சதுர கிலோமீற்றருக்கு ஐம்பது மான் வீதம் ஆறாயிரத்து ஐந்நூறுதான் தேறும். எங்கள் தீவு முழுவதும் சேர்ந்தும் ஒற்றை வலுசர்ப்பத்துக்குச் சோறு போட இயலாது. ஒன்றே ஒன்று இருந்தாலும் இனம் தொடராது. இணை வேண்டும், இணையின் குட்டிகளுக்கு உறவல்லாத வேறு இணைகள் வேண்டும். எனவே பெரிய விலங்கு என்பது இயல்பிலேயே அரிய விலங்கு. பரந்த நிலத்தைக் கேட்கும் விலங்கு. மெல்லப் பெருகும் விலங்கு. அதனைக் கொல்வது எளிது. மீண்டும் பெறுவது அரிது.

இக்கணக்கு கற்பனை உலகத்தோடு முடிந்துவிடுமாயின் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவை இருந்திராது. கதையிலே பிறந்து, பின்னர் உண்மையென அறியப்பட்டு, இப்போது மீண்டும் கதையாகிவிடும் நிலையில் நிற்கும் உயிரொன்று எங்கள் கடலில் உண்டு. அதுவே என்னை இதனை எழுதத் தூண்டிற்று.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் பெண்முகங்கொண்ட உயிர்கள் வாழ்வதாகப் பண்டைய கிரேக்கர் எழுதிவைத்தனர். மெகஸ்தனிஸின் பெயரால் வழங்கும் செய்திகளிலும், பின்னர் ஏலியன் எழுதிய நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. ஆயினும் மன்னாரை உலகறியச் செய்த கடற்கன்னிக் கதை 1560 ஆம் ஆண்டுக்குரியது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் மன்னார்த் தீவுக்கருகே மீனவரின் வலையில் ஆணும் பெண்ணுமாகக் கடல்மாந்தர் எழுவர் அகப்பட்டனர் என்றும், கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதியின் மருத்துவர் போஸ்கேஸ் அவர்களது உடல்களைப் பரிசோதித்து, உள்ளமைப்பு மனிதரதை ஒத்ததெனக் கண்டார் என்றும் இயேசு சபையாரின் வரலாற்றேடு கூறுகின்றது. இதற்குச் சாட்சியாகக் குறிக்கப்பட்டோருள் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரும் ஒருவர். 1578 இல் கொல்லத்தில் அச்சேறிய "தம்பிரான் வணக்கம்" என்னும் நூலை நமக்களித்தவர் அவரே. தமிழ் அச்சுக்கலை வரலாற்றின் முதற் பக்கத்தில் நிற்கும் பெயரொன்று கடற்கன்னிக் கதையிலும் வருவது தமிழ் மாணவர்க்குச் சுவைதரும் செய்தியாகும்.

அந்த எழுவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1861 இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இக்கதையை எடுத்துரைத்து, இதற்கு மூலம் இக்கடலில் வாழும் கடற்பசுவே எனக் கருதினார். 1847 இல் மன்னாரிலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட கடற்பசு ஏழடிக்கு மேல் நீளமுடையதாயிருந்தது. முன்துடுப்புகளின் அருகே மனிதப் பெண்ணினதைப்போல் இரு முலைகள். நீருக்கு வெளியே தலையை உயர்த்தி மூச்சுவிடும் வழக்கம். ஒற்றைக் குட்டியை அணைத்தாற்போல் கூடவே கொண்டுதிரியும் தாய்மை. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு, அதுவும் பல மாதம் கடலிற் கிடந்தவனுக்கு, இவை போதும். 1493 இல் கொலம்பஸ் மேற்கிந்தியக் கடலில் மூன்று கடற்கன்னியரைக் கண்டதாகவும், ஓவியங்களில் வரைவது போல் அவர்கள் அழகாயில்லை எனவும் எழுதிவைத்தார். அவர் கண்டவையும் இவ்வினத்தின் உறவுகளே. விலங்கியலார் இக்குலத்துக்குச் சூட்டிய 'சைரீனியா' என்ற பெயரும், பாடி மயக்கி மாலுமிகளை அழித்ததாகக் கிரேக்கர் கூறும் மாயப்பெண்களின் பெயரிலிருந்து வந்ததேயாம்.

பாடநூல் கடற்பசு என்கிறது. எங்கள் கரையில் கடற்பன்றி என்பர். நீரிணைக்கு அப்பால் இராமேசுவரத்தார் ஆவுளியா என்பர். பெயர் எதுவாயினும் விலங்கு ஒன்றே. வளர்ந்தது மூன்று மீற்றர் வரை நீளும். நானூறு கிலோகிராம் வரை எடை கொள்ளும். பாலூட்டியாதலால் சில நிமிடங்களுக்கொரு முறை மேலெழுந்து மூச்சுவாங்கியே ஆகவேண்டும். கடலில் வாழும் பாலூட்டிகளுள் புல்லையே நம்பி வாழ்வது இது ஒன்றே எனலாம். அப்புல்லும் வெறும் பாசியன்று. வேரும் தண்டும் பூவும் உடைய மெய்யான தாவரம். நீருக்கடியிலேயே பூத்து, நீரின் வழியே மகரந்தம் பரப்பி, விதையும் ஈனும். கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் சாதாளையைக் காலால் தள்ளிவிட்டு நடக்கும் நம்மிற் பலர், அது ஒரு பெரும் மேய்ச்சல் நிலத்தின் உதிர்ந்த இலை என்பதை நினைப்பதில்லை.

வலுசர்ப்பத்துக்குக் கேட்ட வினாக்களை இனிக் கடற்கன்னிக்கும் கேட்போம்.

முதலாவது, வயிறு. வளர்ந்த கடற்பசுவொன்று நாளொன்றுக்கு முப்பது முதல் நாற்பது கிலோகிராம் வரை கடற்புல் தின்னும். நூறு கொண்ட கூட்டமொன்றுக்கு நாள்தோறும் மூன்று நான்கு தொன் புல் வேண்டும். நுனிமேயாது, வேரோடு கிளறித் தின்பதால், அது சென்ற வழி கடலடியில் உழவுசால் போல் வெளித்திருக்கும். அவ்வெளியில் இளம்புல் மீண்டும் தளிர்க்கும். நன்கு வளர்ந்த புற்றரை அதனைத் தாங்கும். தாங்குவதோடு புதுப்பிக்கவும் படும். ஆனால் கடற்புல்லுக்கு ஒளி வேண்டும். ஆழங்குறைந்த, தெளிந்த நீரிலேயே அது தழைக்கும். பாக்குக் குடாவும், ஆதாம் பாலத்தின் இருமருங்கும், விடத்தல்தீவு முதல் வங்காலை வரையுள்ள ஆழமற்ற கடலும் அதற்கு வாய்த்த இடங்கள். அடித்தளத்தை வாரிச்செல்லும் இழுவை வலையால் புல் வேரோடு பெயர்கிறது. கலங்கிய சேறு படிந்து எஞ்சிய புல்லின் ஒளியை மறைக்கிறது.

இரண்டாவது, பிறப்பு. கடற்பசு எழுபது ஆண்டுவரை வாழக்கூடியது. ஆனால் பெண் முதற் குட்டியை ஈனுவதற்குக் குறைந்தது ஆறு ஏழு ஆண்டுகளாகும். சிலவற்றுக்குப் பதினேழு ஆண்டும் ஆகும். சூல் காலம் பதின்மூன்று பதினான்கு மாதம். ஒருமுறைக்கு ஒரே குட்டி. அது ஒன்றரை ஆண்டளவு பாலுண்ணும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. இவற்றைக் கொண்டு ஒரு கணக்குப் பார்க்கலாம். நூறு கடற்பசுக்களில் ஐம்பது பெண் என்போம். அவற்றுள் ஈனும் பருவத்தன முப்பது என்போம். ஐந்தாண்டுக்கு ஒரு குட்டி எனின், ஆண்டுக்குப் பிறப்பது ஆறு. முதுமையாலும் நோயாலும் சுறாவாலும் இறப்பனவற்றை இந்த ஆறிலிருந்தே கழிக்கவேண்டும். எல்லாம் மிக நன்றாக அமைந்தாலும் கடற்பசுக் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்பது அறிஞர் துணிபு. ஆகவே நூறு கொண்ட கூட்டத்தில் வலைக்கு ஆண்டுதோறும் ஐந்தாறு பலியானாலே வளர்ச்சி நின்றுவிடும். ஏழெட்டு ஆயின் தேய்வு தொடங்கும். தேய்வு மெல்ல நிகழ்வதால் ஒரு தலைமுறையின் கண்ணுக்கு அது புலப்படுவதுமில்லை.

இங்கே தான் என் குடும்பத்தின் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. தாய்வழிப் பாட்டனார் பேசாலைக் கடலில் அறுபது ஆண்டு தொழில் செய்தவர். அவர் இளைஞராயிருந்த காலத்தில் கடற்பன்றி இறைச்சி கரையில் வெளிப்படையாகவே கூறுபோட்டு விற்கப்பட்டது. அமைதியான காலைகளில் ஏழெட்டு ஒன்றாக மேய்வதைப் பார்த்திருக்கிறார். பருத்தி நூல் வலையை அது கிழித்துக்கொண்டு போய்விடும் என்றும், நைலோன் வந்த பிறகே அது வலையில் நின்று சாகத் தொடங்கிற்று என்றும் கூறுவார். கரைக்கு இழுத்துப் போட்டால் அதன் கண்ணிலிருந்து நீர் வடியும். அதனைக் கண்டு அம்மம்மா அந்த இறைச்சியை ஒருநாளும் அடுப்பிலேற்றியதில்லையாம். "அது பொம்பிளை மாதிரி அழும் பிள்ளை, அதை எப்பிடிக் கறி வைக்கிறது?" என்பார். நீருக்கு வெளியே கண் உலராதிருக்கச் சுரக்கும் திரவம் அது என்று விலங்கியல் கூறும். அம்மம்மாவின் விளக்கம் பிழையாயிருக்கலாம். அவர் எடுத்த முடிவு பிழையென்று நான் நினைக்கவில்லை.

தந்தையார் தம் வாழ்நாளில் இருமுறை உயிருள்ள கடற்பன்றியைக் கண்டார். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடல் அவருக்கு மூடிக்கிடந்தது என்பதையும் சொல்லவேண்டும். நான் ஒரேயொரு முறை கண்டேன். உயிருடன் அன்று. திருக்கை வலையில் சிக்கி மூச்சடைத்து இறந்து, கரையொதுங்கிக் கிடந்தது. வால்மருங்கில் கயிறு அறுத்த தடம். கூடி நின்ற முதியவர் ஒருவர் கைகளை விரித்துப் பாகத்தால் அளந்து, "ஒண்டரைப் பாகம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை பாட்டனாரிடம், உங்கள் காலத்தில் இக்கடலில் எத்தனை இருந்திருக்கும் என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஆர் எண்ணினது? இருந்தது, அவ்வளவுதான்" என்றார்.

கூட்டமாக ஒருவர், இருமுறை ஒருவர், இறந்ததாக ஒருமுறை ஒருவர். மூன்று தலைமுறையின் இக்கணக்கை அறிவியலாகக் கொள்ளமுடியாது என்பதை அறிவேன். ஆனால் பாட்டனாரின் விடையில் ஓர் உண்மை இருக்கிறது. 1560 இல் எழுவரின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் அவற்றின் உள்ளமைப்பை மனிதரோடு ஒப்பிட்டனர். கடலில் இன்னும் எத்தனை உள, எதனைத் தின்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. வியப்புக்கு எண்ணிக்கை வேண்டியதில்லை. பழக்கத்துக்கும் வேண்டியதில்லை. வியந்தவரும் எண்ணவில்லை, பழகியவரும் எண்ணவில்லை. இந்த இருவருக்கும் நடுவில்தான் அது குறைந்துகொண்டே வந்தது.

குறைதல் எங்கே முடியும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. 1741 இல் வடபசிபிக்கிலுள்ள பெரிங் தீவில் கப்பலுடைந்து ஒதுங்கியோருடன் இருந்த ஜோர்ஜ் ஸ்ரெல்லர் என்னும் இயற்கையறிஞர், ஏறத்தாழ எட்டு மீற்றர் வரை நீளும் பெருங் கடற்பசுவொன்றைக் கண்டு விவரித்தார். அச்செய்தி பரவியதும் வேட்டைக்காரர் சென்றனர். 1768 அளவில் அவ்வினமே இல்லாதொழிந்தது. அறியப்பட்டதற்கும் அழிந்ததற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள். அண்மைக் காலத்தில், சீனக் கடலோரத்தில் எங்களூர்க் கடற்பசுவினம் செயலளவில் அற்றுப்போயிற்று என்று 2022 இல் ஆய்வாளர் அறிவித்தனர். அங்கு முன்னர் அதனை வேட்டையாடியவரும் உண்டு. எஞ்சியவற்றை முடிக்க வலையும் கலங்கிய கடலும் போதுமாயிருந்தன.

சட்டம் இல்லாமலில்லை. இலங்கையில் 1970 முதல் கடற்பசு காக்கப்பட்ட விலங்கு. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவை மீன்பிடியைத் தடைசெய்தது. வங்காலை 2008 இல் சரணாலயமாகவும், விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டன. 2022 இல் தமிழ்நாடு அரசு பாக்குக் குடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. அங்கே மேய்வது இங்கே வந்து குட்டி ஈனலாம். எனவே இருகரைகளும் ஒரே மேய்ச்சல் நிலத்தின் இருபாதிகள் என்றே கொள்ளவேண்டும்.

எனினும் சட்டத்தின் கை நடுக்கடலுக்கு எட்டுவதில்லை. அங்கே முடிவெடுப்பவர் படகிலிருக்கும் மீனவரே. விடியற்காலையில் வலையிழுக்கும்போது கடற்பன்றி உயிருடன் சிக்கியிருக்கக் கண்டால், அதனை விடுவிக்க வலையை அறுக்கவேண்டும். அந்த வலை பெரும்பாலும் கடனில் வாங்கியது. அறுத்தால் அன்றைய தொழிலும் போயிற்று. அடுத்த வாரத்தினதும் போயிற்று. பல்கலைக்கழகத்து மேசையிலிருந்து அவருக்கு அறம் போதிப்பது எளிது. வலையின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை சொல்லாத அறம் கடலில் செல்லாது. தமிழ்நாட்டில், சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்க்கு ஊக்கத்தொகை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இது இரக்கத்தையும் கணக்கையும் இணைத்த முயற்சி. எங்கள் கரையிலும் அறுந்த வலைக்கு ஈடு கிடைக்கும் என்ற உறுதி இருக்குமாயின், கத்தியை வலைமேல் வைக்கக் கை தயங்காது என்றே நம்புகிறேன்.

மீனவருக்கு இதில் நட்டம் மட்டுமே உண்டு என்பதும் பொருந்தாது. கடற்பசு மேயும் புற்றரையில்தான் இறாற்குஞ்சும் நண்டும் வளர்கின்றன, ஓராமீன் மேய்கிறது, கணவாய் முட்டையிடுகிறது. புல் அழிந்தால் முதலில் மறைவது கடற்பன்றி. அடுத்து வற்றுவது எங்கள் பறி. கடற்பசு இருக்கிறது என்றால் புல் இருக்கிறது. புல் இருக்கிறது என்றால் நாளைக்கும் தொழில் இருக்கிறது. கடலடியை நாம் காணமுடியாது. அதன் நலத்தை இந்த விலங்கின் இருப்பே நமக்கு அறிவிக்கிறது.

கலைப்பீட மாணவன் ஒருவன் விலங்கியலாரின் வேலையில் தலையிடுவதேன் என்று கேட்கப்படலாம். கதைகளைக் கற்பது எங்கள் தொழில். கதைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் போலவே, உயிர்கள் எப்படிக் கதையாகிவிடுகின்றன என்பதையும் நாங்கள் அறியவேண்டும். ஓர் உயிர் கண்ணிலிருந்து மறைந்ததும் மொழி அதனை எடுத்துக்கொள்கிறது. முதலில் "முன்னொரு காலத்தில் இருந்தது" என்போம். பின்னர் "இருந்ததாம்" என்போம். அந்த 'ஆம்' என்னும் ஓரசையில் ஒரு விலங்கு இனம் முழுவதும் அடங்கிவிடும். அதன்பின் அதற்குப் பசியில்லை, சூலில்லை, வலையில்லை. யாளியைப்போல் அழியாமல் நிற்கும். அத்தகைய அழியாமை நம் கடற்பன்றிக்கு வேண்டாம்.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையே புல்மேயும் அந்தச் சாம்பல்நிற உயிர்களை இன்று ஒருவர் எண்ண முற்பட்டால், இரு கரைகளின் கடலையும் சேர்த்தும் எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும். சிறியதாயினும் அது ஓர் எண். கூட்டவும் கழிக்கவும் கூடியது. ஆண்டுக்கு ஆறு பிறப்பென்றால் இறப்பு எத்தனைக்குள் நிற்கவேண்டும் என்று கணக்கிடக்கூடியது. கடற்கன்னியை எவராலும் காப்பாற்ற இயலாது. அவளுக்குக் குடித்தொகை இல்லை. கடற்பன்றிக்கு இன்னும் இருக்கிறது.